அரைச் சுரம் கீழே

பாண்டியராஜன் வாயை மூடிவிட்டான். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

மைக்குக்கு முன்னால் ஒரு கீழ்ச் சுரத்தைப் பிடித்து, மூச்சு தீரும்வரை இழுத்து, உதட்டைச் சேர்த்து நிறுத்தியிருந்தான். நிறுத்திய இடத்தில் பதிவுக்கோடு தட்டையாகிவிட வேண்டும். ஆகவில்லை. ஏறி இறங்கி இன்னும் ஒன்றரை நொடி போய் அதன் பிறகுதான் அடங்கியது. திரும்ப ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டான். குரல் நிற்கிற இடம் தெளிவாகத் தெரிந்தது. உதடு ஒட்டுகிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது. அதற்குப் பிறகும் அடியில் ஒன்று உறுமிக்கொண்டே போய்த் தணிந்தது.

ஒயர்க் கோளாறாக இருக்கும் என்று கேபிளை மாற்றினான். மைக்கையும் மாற்றினான். அடுத்த தடவை அது இரண்டு நொடி நின்றது.

கோவில்பட்டியில் அவன் வீட்டுப் பின்னறைதான் ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை, ஜன்னலை அடைத்து ஒரு பழைய மெத்தை, நடுவில் மைக். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகப் போகும் அறிவிப்புகளை அங்கேதான் பேசிப் பதிவார்கள். துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, கண் பரிசோதனை முகாம். எல்லாவற்றையும்விட அதிகம் வருவது மரண அறிவிப்பு.

பதினோரு வருஷம் அந்த மைக்கில் பேசியவர் உக்கிரபாண்டி. "இயற்கை எய்தினார்" என்று அவர் கீழே இறக்கி நிறுத்தினால் அடுப்படியில் இருக்கிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். கழுகுமலையிலிருந்து குளத்தூர் வரைக்கும் அந்தக் குரல் தெரியாத வீடு கிடையாது. அந்தப் பதினோரு வருஷமும் பாண்டியராஜன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்து, அவர் இருமலையும் மூச்சையும் வெட்டி எடுத்துச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வாய்த்தது மெலிந்த குரல். பதினாலு வயதில் உடைய வேண்டியது உடையவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கீச்சான் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதிலும் போனை எடுத்தால், "அக்கா, சார்ட்ட குடுங்க" என்பார்கள். "நாந்தான் பேசுதேன்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தில் சிரிப்பை அடக்குகிறவன் யார், நிஜமாகவே பதறுகிறவன் யார் என்று பிரித்துச் சொல்லுமளவுக்கு அது அவனுக்குப் பழகியிருந்தது. அப்பா செத்த அன்று, அறிவிப்பை நானே பேசுகிறேன் என்று மைக்கை எடுத்தான். சித்தப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்லே. சாவு வீட்டுல ஊரு சிரிச்சுரும்." அன்றைக்கும் உக்கிரபாண்டிதான் பேசினார். அதையும் பாண்டியராஜன்தான் வெட்டிச் சுத்தம் பண்ணினான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நின்றுபோனார். தொண்டையில் புற்று, ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிப் பேச்சு கிடையாது என்று அவர் மனைவி மீனாட்சியம்மாள் போனில் சொன்னாள். பாண்டியராஜன் வருத்தம் தெரிவித்தான். வருத்தம் உண்மைதான். அதற்கு அடியில் வேறொன்று இனித்ததும் உண்மை.

போன மார்கழியில்தான் தொண்டைப் பாட்டு வீடியோவைப் பார்த்தான். எங்கோ பனிப் பாலைவனத்தில் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் பாடினான். ஒல்லியான ஆள். வந்த குரலோ தரைக்கடியிலிருந்து வந்தது. இன்னொரு வீடியோவில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். எல்லார் தொண்டையிலும் குரல் நாணுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு சும்மா கிடக்கிறது. கனமான மூட்டையைத் தூக்குகிறபோது நெஞ்சில் வருகிற அழுத்தத்தோடு ஒரு சுரத்தைப் பிடித்தால் அந்த மடிப்பும் அதிரும். குரலின் பாதி வேகத்தில் அதிரும். அப்போது நீங்கள் பாடுகிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரம் பிறக்கும். விடியற்காலையில் பழகுங்கள், வெந்நீர் குடியுங்கள், வாரத்துக்கு அரைச் சுரத்துக்கு மேல் இறங்காதீர்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

அவனுக்கு வலிக்கவே இல்லை.

தினமும் ஐந்து மணிக்கு எழுந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு மாதம் தவளைச் சத்தமும் காற்றும்தான் வந்தது. மாசியில் ஒரு காலை, எச்சிலை விழுங்கிவிட்டுச் சும்மா முனகியபோது தொண்டைக்குள் ஏதோ தாழ்ப்பாள் விலகினாற்போல் இருந்தது. மெலிந்த குரலுக்கு அடியில் தடிமனாக, அகலமாக ஒரு குரல் வந்து நின்றது. போனில் இருந்த செயலி நூற்றுப் பத்து என்ற எண்ணைக் காட்டியது. நொடிக்கு நூற்றுப் பத்து அதிர்வு. ஆம்பிளைக் குரல். பாண்டியராஜன் அழுதுவிட்டான்.

அவன் மனைவி காளீஸ்வரி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேசமாட்டாள். அன்று காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

"என்னங்க அது? வயித்துக்குள்ள யாரோ அம்மிய உருட்டுத மாதிரி இருக்கு."

"குரலுட்டி. என் குரல்."

"உங்க குரலுக்கு என்ன கொறைச்சல்? நான் என்னைக்காவது சொன்னேனா?"

அவள் சொன்னதில்லைதான். வீட்டுக்கு வருகிற போனையெல்லாம் அவனை முந்திக்கொண்டு அவளே எடுப்பாள். அதுவே அவனுக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

மகள் இசக்கிச்செல்விக்கு ஒன்பது வயது. அவளுக்குத்தான் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. பல் விளக்கியதும் நேராக வந்து பின்னறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். கதவு அதிர்வது கூச்சமாக இருக்கிறது என்று சிரிப்பாள். "எனக்கும் சொல்லித் தாங்கப்பா" என்று கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி இது?" என்று தள்ளிவிட்டான். ஆனாலும் அவளை எழுந்துபோகச் சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்தால் ஆசையாக உட்கார்ந்து கேட்க உலகத்தில் ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று நினைத்தான்.

பங்குனியில் பாத்திரக்கடை பூவனநாதனின் தாயார் இறந்தார். அறிவிப்பைப் பாண்டியராஜனே பேசிப் பதிந்து அனுப்பினான். "இயற்கை எய்தினார்" என்ற இடத்தில் அடியிலிருந்த குரலை முழுசாக விட்டான். ஆட்டோ தெருவுக்குள் வந்தபோது எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றதைத் தன் கண்ணால் பார்த்தான். காரியம் முடிந்து பூவனநாதன் போன் பண்ணினார்.

"தம்பி, ரொம்ப நல்லாருந்துச்சு. உக்கிரபாண்டி அண்ணாச்சி பழைய டேப்பு எதையும் ஒட்டவச்சியோ?"

"இல்ல அண்ணாச்சி. நாந்தான்."

மௌனம். "சரி சரி. தொழில் ரகசியம். அவிய குரலு அப்படியே இருந்துச்சு."

பாண்டியராஜன் போனைக் கீழே வைத்தான். அந்த ஆளின் குரல் இல்லை என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த ஆள் போகாத ஆழத்துக்குப் போக வேண்டும். வேறு வழி இல்லை. வாரத்துக்கு அரைச் சுரம் என்ற கணக்கைக் கைவிட்டான். தினமும் அரைச் சுரம் இறங்கினான்.

எண்பத்திரண்டு. அறுபத்தைந்து. ஐம்பத்தைந்து. அதற்குக் கீழே அது பாட்டாக இல்லை. தூரத்தில் சரக்கு ரயில் போகிறபோது கட்டிலுக்கு வருகிற அதிர்வாக இருந்தது. அப்போதுதான் வாயை மூடிய பிறகும் கோடு ஓடுவதைக் கவனித்தான். ஒன்றரை நொடி, இரண்டு நொடி, அடுத்த வாரம் ஆறு. நாற்பதுக்குக் கீழே இறங்கிய அன்று முட்டை அட்டைகளுக்குப் பின்னாலிருந்து பல்லிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கதவிடுக்கு வழியாக வரிசையாகப் போயின. அப்புறம் அந்த அறையில் பல்லியே இல்லை. வாய்க்குள் ஒரு வாடை ஏற ஆரம்பித்தது. கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அந்த வெடிப்பில் முகத்தை வைத்தால் வருமே, வெந்த மண்ணும் செத்த வேருமாக ஒரு மூச்சு, அந்த வாடை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தான். போகவில்லை.

இருபதுக்குக் கீழே செயலியில் எண் வரவில்லை. காதிலும் எதுவும் கேட்கவில்லை. செம்புத் தண்ணீரில் மட்டும் வட்டம் வட்டமாக அலை எழுந்துகொண்டிருந்தது.

அன்று மாலை முன்னறையில் இருந்துகொண்டு, "காளி, கொஞ்சம் தண்ணி" என்றான்.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. "யாரு?" என்றாள் காளீஸ்வரி. வந்து எட்டிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"நாந்தான்" என்று சொல்ல வாயெடுத்தான். அந்தக் குரல்தான் வந்தது. அவன் அதைக் கூப்பிடவில்லை. அழுத்தம் கொடுக்கவில்லை. தன்னுடைய மெலிந்த குரலைத் தேடினான். முப்பது வருஷம் வெறுத்த குரல். இருக்கிற இடமே தெரியவில்லை.

மறுநாள் காலை காளீஸ்வரி முன்னறையில் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கினதாகவே தெரியவில்லை.

"தூக்கத்துல பாடுதீங்க."

அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"மூச்சை உள்ள இழுக்கும்போதும் வருது. வெளிய விடும்போதும் வருது. வாய் மூடித்தான் இருக்கு. நான் கையவச்சுப் பாத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "உக்கிரபாண்டி அண்ணாச்சிட்ட போயிட்டு வாங்க. அவியளுக்குத்தான் தொண்டைச் சீக்கு தெரியும்."

அவரைப் போய்ப் பார்ப்பது கசந்தது. கண்ணாடி முன்னால் பிரஷ்ஷோடு நின்றபோது வாயில் நிறைந்திருந்த நுரை தானாக நடுங்குவதைப் பார்த்தான். பைக்கை எடுத்தான்.

நாகலாபுரத்துக்குப் போகிற வழியெல்லாம் உச்சிவெயில். காடு வெறும் கறுப்பாகக் கிடந்தது. பருத்திமார் பிடுங்கிய குழிகள், உடைமரங்கள், கால் நுழைகிற அகலத்துக்கு வெடிப்புகள். வண்டியின் இரைச்சலுக்கு அடியில் அவன் நெஞ்சு பாடிக்கொண்டே வந்தது. எங்கேயாவது வண்டியை நிறுத்தினால் அந்த வெடிப்புகளிலிருந்தும் அதே சுரம் வந்துவிடுமோ என்று பயந்தான். நிறுத்தவே இல்லை.

உக்கிரபாண்டி வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலில் இருந்தார். பாதியாகியிருந்தார். கழுத்தில் ஓட்டையை மூடி ஒரு வெள்ளைத்துணி. மூச்சுவிடும்போது துணி உப்பி அடங்கியது. மீனாட்சியம்மாள் மோர்ச் செம்போடு வந்தாள்.

"வாங்க தம்பி. எழுதித்தான் பேசுவாவ."

பாண்டியராஜன் வணக்கம் அண்ணாச்சி என்றான்.

மீனாட்சியம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உக்கிரபாண்டியின் கண் அவன் தொண்டையிலேயே நின்றது. நோட்டை எடுத்து எழுதினார்.

*எவ்வளவு கீழ போன?*

"கேக்காத அளவுக்கு" என்றான். சொல்லும்போது, இந்த நிலைமையிலும், அவனுக்குள் ஒரு பெருமை தலைதூக்கியது. "உங்களவிடக் கீழ, அண்ணாச்சி. உங்க குரலு மாதிரி இருக்குன்னாங்க. அதைவிடக் கீழ."

அவர் ரொம்ப நேரம் எழுதினார்.

*அது என் குரல் இல்ல. என் குரலுக்குக் கீழ இருந்தது. கடைசி வருஷம் அதுதான் பேசுச்சு. நான் வாயை மட்டும் அசைச்சேன். எனக்குப் புத்து இல்ல. டாக்டர் அறுக்கல, நான்தான் அறுத்தேன். டாக்டர் தச்சுத்தான் விட்டாரு.*

பாண்டியராஜன் இரண்டு தடவை படித்தான். துணி உப்பியது. அடங்கியது.

"இப்ப நான் என்ன செய்ய?"

*பேசாத. ஒரு சொல்லுகூடப் பேசாத. தண்ணி ஊத்தாத செடி மாதிரி உன்னைவிட்டுப் போயிரும்.*

கை நின்றது. என்னமோ நினைத்துக்கொண்டவர்போல அவசரமாகக் கீழே இன்னொரு வரி கிறுக்கினார்.

*உன் வீட்டுல யாரு கேக்கா?*

அந்த வரி அவன் முகத்தில் அறைந்தது. நீ பேசி உன் வீட்டிலேயே யார் கேட்கப்போகிறார்கள். கீச்சான். இருந்தாலென்ன, பேசாமல் இருந்தாலென்ன. குரல் போய், கழுத்தில் ஓட்டையோடு உட்கார்ந்திருக்கிற நேரத்திலும் இந்த ஆளுக்கு இளக்காரம் போகவில்லை. பாண்டியராஜன் எழுந்துவிட்டான். உக்கிரபாண்டி அவன் சட்டையைப் பிடித்தார். நோட்டைத் தூக்கி அந்த வரியைப் பென்சிலால் குத்திக் குத்திக் காட்டினார். அவன் கையை உதறிவிட்டு வண்டியை எடுத்தான். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் நோட்டைத் தலைக்குமேலே பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடிவந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பாண்டியராஜன் பேசவில்லை. பின்னறையைப் பூட்டினான். வந்த வேலைகளையெல்லாம் காளீஸ்வரியே போனில் மறுத்தாள். முதல் நாலு நாள் அது உள்ளே முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் தாடை எலும்பு வலித்தது. பத்தாம் நாள் செம்புத் தண்ணீர் அசையவில்லை. வாயில் மண்வாடை குறைந்து சோற்றின் ருசி திரும்பிவந்தது. காளீஸ்வரி பழையபடி அவன் பக்கத்தில் படுத்தாள்.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் நெஞ்சு லேசாகிவிட்டது. மூட்டையை இறக்கியதுபோல. மெல்ல வாயைத் திறந்து மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தான்.

காற்றுதான் வந்தது.

இன்னொரு தடவை முயன்றான். காற்று. அடிக்குரலும் இல்லை, கீச்சுக் குரலும் இல்லை. போகிறபோது அது எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. காளீஸ்வரியிடம் எழுதிக் காட்டினான். அவள் படித்துவிட்டு அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "போனாப் போகுது. உசுரோட இருக்கீங்கள்லா" என்றாள். போதும் என்றுதான் அவனுக்கும் தோன்றியது.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்தது. கோடை விடுமுறை, இசக்கிச்செல்வி முன்னறைத் தரையில் குப்புறப் படுத்துக் கலர்ப் பென்சிலால் மயில் வரைந்துகொண்டிருந்தாள். காளீஸ்வரி பின்வாசலில் துணி துவைத்தாள். பாண்டியராஜன் சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தான். துவைகல்லில் துணி விழுகிற சத்தம், எங்கோ ஒரு காக்கை, அவற்றுக்கெல்லாம் அடியில், நின்றுபோன மின்விசிறி இன்னும் சுற்றுவதுபோல ஒரு இரைச்சல்.

லாரி, என்று நினைத்தான். மெயின் ரோட்டில் லாரி நிற்கிறது.

லாரி போகவில்லை.

முதுகுக்குப் பின்னால் சுவர் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தான். தரையில் கிடந்த பென்சில்கள் நடுங்கின. ஒன்று உருண்டது. பச்சை. அடுத்தது நீலம். எல்லாம் அவளைவிட்டு விலகி, நாலு பக்கமும் சுவரை நோக்கி உருண்டன.

அவள் வரைந்துகொண்டிருந்தாள். உதடு மூடியிருந்தது.

மண்வாடை.

அவன் முட்டிபோட்டு நகர்ந்தான். அவள் தோளைத் தொட்டான். கை மரத்துப்போனது.

இசக்கிச்செல்வி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அப்பா" என்றாள். அவளுடைய குரல்தான். மெல்லிய, சின்னக் குரல். அதற்கு அடியில் மற்றது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "நானே பழகிட்டேம்ப்பா. கதவுல கேட்டுக் கேட்டே. இன்னும் கீழ இரு..."

சின்னக் குரல் பாதியில் அறுந்தது.

"க்குப்பா" என்று மற்றது முடித்தது.

அவள் சிரிப்பு போய்விட்டது. கையால் கழுத்தைத் தடவினாள். அந்தக் கழுத்தில், ஒன்பது வயதுக் கழுத்தில், எலுமிச்சை அளவுக்கு ஒரு முடிச்சு மெதுவாக மேலே ஏறியது. வாய் திறந்தது. மூட முடியவில்லை. கண் அவனையே பார்த்தது.

காளி, என்று கத்தினான். காற்று. காளி. காற்று.

துவைகல் சத்தம் நின்றது.

"என்னங்க" என்று பின்வாசலிலிருந்து கேட்டாள் காளீஸ்வரி. "யாரு வந்திருக்கா? ஆம்பளக் குரல் கேக்குது."

அவனும் மகளும் ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர், வாயைத் திறந்தபடி முட்டிபோட்டிருந்தார்கள். ஒரு வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இன்னொரு வாய்க்குள், நாக்குக்குப் பின்னால் இருட்டில், இன்னும் அரைச் சுரம் கீழே இறங்கியது.